பழைய போர் விமானம் மீண்டும் பறக்க: கேள்வி பதில்

கடற்படையின் விமானப் பிரிவில் பராமரிப்புத் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இப்போது மண்டபத்தில் வசிக்கிறேன். பழைய போர் விமானங்களை அவற்றின் அசல் அமைப்பிலேயே மீட்டுப் பறக்கவைப்பது பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உச்சிப்புளி, பொறியியல் மாணவர்: ஐயா, எண்பது ஆண்டுப் பழைய விமானம் ஒன்று கைக்கு வந்தால், முதலில் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதுதானே முறை?

பதில்: முதலில் எஞ்சினைத் தொடவே கூடாது, தம்பி. பல ஆண்டுகள் அசையாமல் நின்ற எஞ்சினுக்குள் துருவும் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். ஆசைக்கு ஒரு முறை சுழற்றினாலும் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய பாகம் வீணாகிவிடும். தொடக்கம் காகிதத்திலிருந்து வர வேண்டும். தயாரிப்பு எண் பொறித்த தகடு, எஞ்சின் பதிவேடு, எந்தப் படைப்பிரிவில் எப்போது இருந்தது, எங்கே அடிபட்டு எப்படிச் செப்பனிடப்பட்டது என்ற விவரங்கள், தொழிற்சாலை வரைபடங்கள் ஆகியவற்றைத் திரட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அடுத்து, வண்ணப்பூச்சை ஒவ்வோர் அடுக்காக, தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து நீக்குங்கள். அடியில் பழைய எண்ணும் படைப்பிரிவின் சின்னமும் தென்பட்டால் அளந்து, படமெடுத்த பிறகே மேலே செல்லுங்கள். அதன் பின்னர்தான் பிரித்தெடுக்கும் வேலை. கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் அது இருந்த இடத்தைக் குறித்த அட்டை தொங்க வேண்டும்.

பாம்பன், படகுத் தச்சர்: ஏரா என்னும் அடிக்கட்டையை வைத்துக்கொண்டு பலகையையும், வங்கு என்னும் விலாக்கட்டையையும் மாற்றினாலும் நாங்கள் அதே வள்ளம் என்றுதான் சொல்வோம். விமானத்துக்கும் அப்படித்தானா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், ஐயா. ஆனால் எங்கள் தொழிலில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இது அதே விமானமா என்பது ஒன்று. இது அன்று செய்யப்பட்ட முறையிலேயே செய்யப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. இறக்கையின் பாரத்தைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டத்தில் உலோகம் களைத்துப்போயிருந்தால், அது அசல் என்பதற்காக அதை வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். அதே கலப்பு உலோகத்தில், அதே தடிமனில், அதே ரிவெட் இடைவெளியில் புதிதாகச் செய்து பொருத்துவதே சரி. மாறாக, விமானியின் கைபட்டுத் தேய்ந்த நெம்புகோலையும் நிறம் மங்கிய இருக்கைச் சட்டத்தையும் புதுப்பிக்காமல் அப்படியே விட வேண்டும். அவை பாரம் தாங்குவதில்லை. அங்கே தேய்மானமே சாட்சி.

இந்திய விமானப் படையின் டகோட்டா என்னும் பழைய போக்குவரத்து விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச்சென்ற டகோட்டாவின் எண் விபி 905. பிரிட்டனில் செப்பனிடப்பட்டு 2018இல் இந்தியாவுக்குப் பறந்து வந்து, ‘பரசுராமா’ என்று பெயரிடப்பட்ட டகோட்டா வேறொரு விமானம். அந்த நாளின் நினைவாக அதே எண் அதற்குச் சூட்டப்பட்டது. இதில் தவறு எதுவும் இல்லை. எது நினைவுக்காகச் சூட்டிய எண், எது உண்மையான வரலாறு என்பது ஏட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றியதை மறைத்தால்தான் விமானம் பொய்யாகிறது.

இராமேசுவரம், விடுதி நடத்துபவர்: நம் ஊர் உப்புக்காற்றில் இப்படி ஒரு விமானத்தை வைத்துக் காப்பாற்ற முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பு, உப்புக்காற்றோடு நூறாண்டு போராடியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சும் தேவைப்பட்டன. இரும்பாவது சிவந்து, உரிந்து, தன் நோயை வெளியே காட்டிவிடும். விமானத்தின் அலுமினியக் கலப்பு அப்படியன்று. அதில் வலிமைக்காகச் சேர்த்த செம்பே அரிப்புக்கும் வழிசெய்கிறது. உப்பு ஈரம், உலோகம் ஆகியிருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் புகுந்து உள்ளேயே பரவும். தகடு மேலே பளபளவென்று இருக்கையில் உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருக்கும். எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலமாகவே மாறி, அலுமினியத்தைத் தின்றுவிடும். சக்கரங்களிலும் கியர் பெட்டிகளிலும் உள்ள மக்னீசிய வார்ப்புகள் எல்லாவற்றிலும் வேகமாக அழியும்.

நான் பணியில் இருந்தபோது, காட்சிக்காகத் திறந்தவெளியில் நிறுத்தியிருந்த ஒரு விமானத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரர் பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு அடித்துவிட்டுப் போனார். மூன்றாம் ஆண்டு இறக்கையின் ரிவெட் வரிசை நெடுகக் கொப்புளங்கள் எழும்பின. ஒன்றைப் பேனாக்கத்தியின் முனையால் அழுத்தினேன். தகட்டைத் துளைத்துக்கொண்டு கத்தி உள்ளே இறங்கியது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு மாறவில்லை.

ஆகவே, இங்கே வைப்பதாக இருந்தால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய மூடிய கூடம் வேண்டும். ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் நன்னீரால் கழுவி உலர்த்த வேண்டும். இறக்கை இணைப்புகளைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், சுழல் மின்னோட்டத்தாலும் மீயொலியாலும் சோதிக்க வேண்டும். டகோட்டாவில் வெளி இறக்கையை நடுப்பகுதியோடு போல்ட் வரிசையால் பிணைக்கும் கோணப்பட்டைகளே முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம். உள்நாட்டில் வறண்ட ஊரில் வைத்து, இங்கே வந்து பறந்து காட்டிவிட்டுப் போவதே விமானத்துக்கு நல்லது என்பது என் கருத்து.

பரமக்குடி, கைத்தறி நெசவாளர்: பழைய விமானங்களின் இறக்கை துணியால் ஆனது என்கிறார்களே, அந்தத் துணியை எங்கள் தறியில் நெய்ய முடியுமா?

பதில்: டைகர் மாத் போன்ற பயிற்சி விமானங்களில் மரச்சட்டத்தின் மேல் துணிதான் போர்த்தப்பட்டது. உடல் முழுவதும் உலோகமான டகோட்டாவிலும் வால்பகுதியின் அசையும் பலகைகளுக்குத் துணிப் போர்வை உண்டு. பிரிட்டிஷ் விமானங்களுக்கு ஐரிஷ் லினன் துணியும், அமெரிக்க விமானங்களுக்கு ஏ தரப் பருத்தியும் பயன்பட்டன. அந்தப் பருத்தித் துணியில் பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 80 முதல் 84 இழைகள் இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலத் துண்டு 80 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். வெயிலில் நைந்து 56 பவுண்டுக்குக் கீழே போனால் துணியை முழுவதும் உரித்துவிட வேண்டும். இந்த இழைக்கணக்கு உங்கள் கைக்கு எட்டாததன்று என்றே நினைக்கிறேன். ஆனால் பறக்கும் விமானத்தில் போர்த்த, நூலிலிருந்து துணி வரை சோதனைச் சான்று தேவை. அதைப் பெறுவதுதான் கடினம். துணியைச் சட்டத்தின் விலா எலும்புகளோடு மெழுகிட்ட லினன் நூலால் தைத்து, மேலே ‘டோப்’ என்னும் திரவத்தைப் பூசுவார்கள். அது காயும்போது துணி மேளத் தோல்போல் விறைக்கும். அதன் ஒரு வகை மிக எளிதில் தீப்பற்றக்கூடியது. இன்று பலரும் நீடித்து உழைக்கும் பாலியெஸ்டரைப் போர்த்துகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஏட்டில் எழுதினால் போதும்.

கீழக்கரை, இயந்திரப் பட்டறை உரிமையாளர்: விமான எஞ்சினைத் தொடங்குமுன் விசிறியைக் கையால் சுற்றுவது ஏன்?

பதில்: டகோட்டாவின் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் இரண்டு வட்டங்களாக அமைந்திருக்கும். நின்றிருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்நோக்கிய சிலிண்டர்களில் தேங்கும். திரவம் அமுங்காது, அந்நிலையில் 1,200 குதிரைத்திறன் எஞ்சினைத் தொடங்கினால் பிஸ்டனின் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். கையால் சுற்றும்போது விசிறி தடைபட்டால் பலங்கொண்டு தள்ளாமல், கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

தொண்டி, மீனவர்: கடலுக்கடியில் கிடக்கும் விமானம் வலையில் சிக்கினால் அதை மீட்டுப் பறக்கவைக்கலாமா?

பதில்: பறக்கவைக்க முடியாது. பல்லாண்டு உப்புநீரில் கிடந்த உலோகம் அளவெடுக்கும் மாதிரியாக மட்டுமே உதவும். வெளியே எடுத்ததும் இன்னும் வேகமாக உதிரும். அதில் வெடிக்காத குண்டும், இறந்த வீரர்களின் எலும்பும் இருக்கலாம். வலையை அறுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்கள்.

முதுகுளத்தூர், ஆசிரியை: இப்படிப்பட்ட வேலையை நம் நாட்டிலேயே செய்த வரலாறு உண்டா?

பதில்: உண்டு, அம்மா, பெருமையோடு சொல்ல வேண்டிய வரலாறு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படை தன் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கைவிட்டுச் சென்றது. திரும்பப் பயன்படாதபடி அவற்றைச் சேதப்படுத்தியும் வைத்தது. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தினர் 1948 முதல் அவற்றைச் செப்பனிட்டுப் படையில் சேர்த்தார்கள். பின்னாளில் கடல் கண்காணிப்புக்கும் உழைத்த அவை 1968 வரை பறந்தன. இன்று உலகில் எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல, அந்த இந்தியக் கைகள் காப்பாற்றியவை.

மண்டபம், கல்லூரி மாணவி: துப்பாக்கிகளையும் இருளில் ஒளிரும் பழைய கருவிகளையும் என்ன செய்வீர்கள், ஐயா?

பதில்: துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து பொருத்தலாம், அல்லது அதே எடையில் மாதிரி செய்து வைக்கலாம், எடை மாறினால் விமானத்தின் சமநிலைப் புள்ளி நகர்ந்துவிடும். ஒளிரும் முகப்பில் இருப்பது ரேடியம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. அதை ஒருபோதும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

சாயல்குடி, ஓய்வு பெற்ற இராணுவ வீரர்: எல்லாம் முடிந்த பிறகு முதல் பறப்பு எப்படி நடக்கும்?

பதில்: பல மணி நேரம் தரையில் எஞ்சினை ஓட்டி, ஓடுபாதையில் மெதுவாகவும் பின் வேகமாகவும் உருட்டிப் பார்ப்போம். முதல் பறப்பில், அதே வகை விமானத்தில் அனுபவமுள்ள விமானி, தளத்தின் கண்பார்வைக்குள்ளேயே வட்டமடிப்பார். பெரும்பாலும் சக்கரங்களை உள்ளிழுக்காமலே இறங்கிவிடுவார். அவர் இறங்கியதும் சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். தொழில்நுட்பர் அப்போது எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, உலோகத்துகள் மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.