நண்பரோடு வியட்நாமில் 16 இரவுகள்: காசு எங்கே கரைகிறது?

கேள்வி: நானும் என் நண்பனும் முதுகுப்பையோடு வியட்நாம் சுற்றப் போகிறோம். கையில் 16 இரவுகள். விமான டிக்கெட் போக ஆளுக்கு 50,000 ரூபாய். என் நண்பன் சைவம். எப்படித் திட்டமிடலாம்?

50,000 போதும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது. வியட்நாமில் சோறும் படுக்கையும் ஏற்கெனவே மலிவு. அவற்றில் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பது வீண் வேலை. பணம் கரைவது வழித்தடத்தில்தான். நாடு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கே ஹனோயிலிருந்து தெற்கே சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்) ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஒரே ஊரில் இறங்கி அதே ஊரிலிருந்து திரும்பினால் அந்த நீளத்தை இரண்டு தடவை கடக்க வேண்டியிருக்கும். ஆகவே வடக்கே இறங்குங்கள், தெற்கே ஏறுங்கள். திருச்சியிலிருந்து சைகோனுக்கு 2023 நவம்பரில் வியட்ஜெட் நேரடிச் சேவை தொடங்கியது. இப்போதைய அட்டவணையில் அது இருந்தால் திரும்பும் பயணத்துக்கு அதைப் பாருங்கள். போவதற்கு கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் என எது வழியாக ஹனோய் மலிவாகக் கிடைக்கிறதோ அது. மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். வாசலில் எடை போடுவார்கள். 40 லிட்டர் பைக்கு மேல் வாங்காதீர்கள்.

முதலில் விசா. அரசின் இணையதளம் ஒன்றே ஒன்று: இவிசா டாட் கவ் டாட் விஎன். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். தேடினால் மேலே வருவதெல்லாம் இடைத்தரகர்களின் தளங்கள். இரண்டு மடங்கு மூன்று மடங்கு வாங்குவார்கள். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் உள்ள பெயர்தான் கணக்கு. விசாவில் ஓர் எழுத்து மாறினாலும் விமான நிறுவனமே உங்களை ஏற்றாமல் விட்டுவிடலாம், கட்டிய பணமும் திரும்பாது. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்தால், தவறு வந்தாலும் இன்னொரு முறை போட நேரம் இருக்கும்.

எப்போது போவது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் வடக்கு, நடு, தெற்கு என மூன்று பகுதிக்கும் மூன்று வானிலை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூன்றும் ஓரளவு ஒத்துப்போகும். அக்டோபர், நவம்பரில் நடுப்பகுதியில், ஹுவே, ஹோய் ஆன் பக்கம் கனமழை. ஹோய் ஆன் பழைய நகருக்குள் ஆற்று வெள்ளமே வந்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கு மலைகளில் நல்ல குளிர். சந்திரப் புத்தாண்டான தெத் சமயத்தைக் கட்டாயம் தவிருங்கள். 2026-இல் அது பிப்ரவரி 17, 2027-இல் பிப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ரயிலில் இடம் இருக்காது, சிறு கடைகள் பூட்டிக் கிடக்கும், பஸ் கட்டணம் ஏறும்.

16 இரவுகளை இப்படிப் பிரிக்கலாம்: ஹனோய் 2, ஹா ஜியாங் மலைச் சுற்று 3, நின் பின் 2, இரவு ரயில் 1, ஹுவே 2, ஹோய் ஆன் 3, மறுபடி இரவு ரயில் 1, சைகோன் 2. சாபா, ஹா லாங் வளைகுடா, டா லாட் எல்லாம் இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஹா லாங்கில் படகில் ஓர் இரவு தங்கும் காசில் நின் பின்னில் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம், அதே சுண்ணாம்புக்கல் குன்றுகளை ஆற்றுப் படகில் பார்க்கலாம். 16 நாளில் ஒன்பது ஊர் என்று போட்டால் பாதி நாள் பஸ்ஸில்தான் கழியும்.

பணம். நாணயம் டோங். ஒரு ரூபாய்க்குத் தோராயமாக 300 டோங். விலையைச் சொல்லும்போது கடைசி மூன்று சைபரை விட்டுவிடுவார்கள். 60 என்றால் 60,000. அதை மூன்றால் வகுத்து ஒரு சைபர் சேர்த்தால் ரூபாய்: 60 என்றால் 200 ரூபாய். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம். மங்கிய வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் 1,600 ரூபாய் போச்சு. பெரிய தாள்களைத் தனி மடிப்பில் வையுங்கள். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள், கடைகளில் மாட்டியிருக்கும் கியூஆர் அட்டைகள் உள்ளூர் வங்கிக் கணக்குக்கானவை. பாதிப் பணத்தைப் புத்தம்புது டாலராகவும் (மடிப்பு, கிழிசல், பேனாக் கீறல் இருந்தால் வாங்க மாட்டார்கள்), மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் கொண்டு போங்கள். பல ஏடிஎம்களில் ஒரு தடவைக்கு 20 முதல் 30 லட்சம் டோங் வரைதான் வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. எந்த வங்கி அதிகம் தருகிறது, குறைவாகப் பிடிக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்து அதிலேயே எடுங்கள்.

இரண்டு பேர் போவதன் பெரிய லாபம் அறையில் இருக்கிறது. ஹாஸ்டலில் பங்க் படுக்கை ஆளுக்கு 1,50,000 முதல் 2,00,000 டோங். சிறு விருந்தினர் இல்லத்தில் இரட்டைக் கட்டில் அறை 3,50,000 முதல் 4,00,000. அதாவது ஏறக்குறைய அதே காசில் ஏசி, தனிக் குளியலறை, பூட்டும் கதவு. ஹோட்டல்காரர்கள் காவல்துறையில் விருந்தினரைப் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட் கேட்பார்கள். நகல் எடுத்தபின் திரும்ப வாங்கிவிடுங்கள். பைக் வாடகைக் கடையில் பிணையாக பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள், பண முன்பணம் கொடுங்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால், வண்டியில் பழைய கீறல் ஒன்றைக் காட்டி எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டியதாகிவிடும்.

பொதுச் செலவுக்கு ஒரு தனி பர்ஸ் வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு 10 லட்சம் டோங் போட வேண்டும். அறை, கிராப் (செயலியில் பிடிக்கும் டாக்ஸி), தண்ணீர், பொது டிக்கெட் எல்லாம் அதிலிருந்து. பீர், துணி, நினைவுப் பொருள் அவரவர் கையிலிருந்து. சைவரும் அசைவரும் சேர்ந்து போகும்போது சாப்பாட்டையும் தனிக் கணக்காக்குவது நல்லது. நண்பர்களுக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இந்தச் சின்னக் கணக்கில்தான் தொடங்குகிறது.

ஹா ஜியாங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான தகவல் அதிகம் சுற்றுவது இதில்தான். சுற்று ஏறத்தாழ 350 கிலோமீட்டர். டோங் வான், மா பி லெங் கணவாய், மியோ வாக் என்று போகும். பைக் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். இந்திய ஓட்டுநருக்கு அது சட்டப்படி செல்லாது. இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியானதை. ஆர்டிஓ கொடுத்த புத்தகம் கையில் இருந்தாலும் 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அது உதவாது. வழியில் போலீஸ் சோதனை உண்டு, 2025 ஜனவரி முதல் அபராதங்களும் கூடியிருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீடு: உரிமம் செல்லாதபோது விழுந்து எலும்பு முறிந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். போதாததற்குப் போக்குவரத்து வலப்பக்கம், கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே லாரி.

ஆகவே உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ‘ஈஸி ரைடர்’ முறைதான் சரி. மூன்று பகல், இரண்டு இரவுக்கு உணவு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சுமார் 35 லட்சம் டோங், அதாவது 11,700 ரூபாய். திட்டத்திலேயே பெரிய ஒற்றைச் செலவு இதுதான், கொடுக்கலாம். பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள்; ஹோம்ஸ்டேயில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவதால், அப்போது போய்ச் சொன்னால் சோறும் கீரையும்தான் மிஞ்சும். இரவு உணவில் ‘மகிழ்ச்சி நீர்’ என்று சோளச் சாராயம் சுற்றி வரும். மறுநாள் காலை உங்கள் ஓட்டுநரும் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே வண்டி ஓட்டுபவரின் உடலில் மது இருக்க அனுமதித்த அளவு பூஜ்யம். ஜூலை, ஆகஸ்டில் நிலச்சரிவால் சாலை அடைபடலாம். அந்த மாதங்களில் பின்னால் ஒரு நாள் உதிரியாக வையுங்கள். சுற்று முடிந்த மாலையே நின் பின்னுக்கு நேரடி பஸ் கிடைக்கும், ஹனோய்க்குத் திரும்ப வேண்டாம்.

ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி அவர்கள் தரும் பையில் போட வேண்டும். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமானவருக்குக் காலை நீட்ட முடியாது. கடைசி வரிசைப் படுக்கைகள் ஆட்டம் அதிகம், நடுப்பகுதிக் கீழ்ப் படுக்கை கேளுங்கள். ஹனோயிலிருந்து ஹா ஜியாங் ஆறு மணி நேரம்தான். இரவு 9-க்குக் கிளம்பினால் விடிகாலை 3-க்கு இறக்கிவிடுவார்கள். சுற்று ஏற்பாடு செய்யும் ஹாஸ்டலில் காலைவரை படுக்கை உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள். அது இல்லையென்றால் பகல் வேனில் போய்விடுங்கள்.

நின் பின்னில் டாம் கோக் பக்கம் தங்கி சைக்கிள் எடுங்கள். தரை சமம், ஒரு நாளுக்கு 50,000 டோங்குக்குள் முடியும். ட்ராங் ஆன் படகு ஆளுக்கு 2,50,000. நாலு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், இரண்டு பேர் என்றால் வரிசையில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் நிழலே இல்லாத படகு, ஆகவே காலை 8-க்கு முன் போய் நில்லுங்கள்.

ரயிலில் ஆறு படுக்கைப் பெட்டி, நாலு படுக்கைப் பெட்டி என இரண்டு வகை. ஆறில் மேல்தட்டு மலிவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. டா நாங்கிலிருந்து சைகோன் 17, 18 மணி நேரம், அதற்கு நாலு படுக்கைப் பெட்டியே எடுங்கள். போர்வை துவைத்ததா என்று தெரியாது, ஒரு மெல்லிய வேட்டி கொண்டு போனால் விரிக்கவும் போர்த்தவும் ஆகும். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு மட்டும் பகல் ரயில். ஹாய் வான் மலையைக் கடல் ஓரமாகச் சுற்றி வரும் பாதை அது. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். இருக்கை எடுக்கையில் மறக்க வேண்டாம். ஹோய் ஆனுக்கு ரயில் நிலையம் கிடையாது, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். இருவருக்குப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும்.

ஹோய் ஆனிலிருந்து மீ சோன் போங்கள். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள். லிங்கமும் சமஸ்கிருதக் கல்வெட்டும் காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் கிடப்பதைப் பார்க்கும்போது தொலைதூரம் வந்த உணர்வே போய்விடும். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முந்தலாம்.

சைவ நண்பருக்கு ஒரு சொல் போதும்: சாய். சி, ஹெச், ஏ, ஒய் என்ற நாலு எழுத்துகள் பலகையில் இருந்தால் அது சைவக் கடை. பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவதால் இந்தக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு, ஹுவேயில் நிறையவே உண்டு. வாயால் சொன்னால் தொனி பிசகிப் புரியாமல் போகும், எழுதிக் காட்டுங்கள். சாதாரணக் கடையில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பின் அடிப்படையே எலும்பு. அசைவருக்கு ஃபோ 40,000 முதல் 60,000, பான் மி என்ற ரொட்டி சாண்ட்விச் 20,000 முதல் 35,000.

கணக்கைப் பார்த்தால்: படுக்கை 1,80,000, சாப்பாடும் காபியும் 2,30,000, போக்குவரத்து 2,00,000, நுழைவுக் கட்டணம், சிம், துணி துவைப்பு எல்லாம் 1,40,000. ஆக ஒரு நாளுக்கு 7,50,000 டோங், 2,500 ரூபாய். ஹா ஜியாங் போக 13 நாளுக்கு 32,500. ஹா ஜியாங் 11,700, விசா சுமார் 2,200. மொத்தம் 46,400. மீதியைத் தொடாமல் வையுங்கள். பயணக் காப்பீட்டை இதற்கு வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று அணுகுபவர்களோடு போகாதீர்கள். ஹனோயில் 86-ஆம் எண் பஸ் பழைய நகர் ஓரம்வரை போகும். இரவில் கிராப் அல்லது அதே மாதிரியான சான் எஸ்எம் டாக்ஸி. சைகோனில் சாலையோரம் நின்று போன் பார்க்கக் கூடாது. பைக்கில் வந்து பறிப்பார்கள். கடைக்குள் ஒதுங்கிப் பாருங்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவோங் டின் தெருவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, வியட்நாமியரே வரிசையில் நின்று ஊதுபத்தி ஏற்றுவார்கள். மிஞ்சிய டோங்கை அங்கேயே டாலராக்கிவிடுங்கள். ஊரில் அதை மாற்றித் தருபவர்கள் அரிது, தந்தாலும் விலை மிகக் குறைவு.