ஆட்டோகேட் லிஸ்பில் 45 கொடுத்தால் கோடு 58 டிகிரியில் நிற்கிறதே, ஏன்?

ஆட்டோகேட் வரைபட மென்பொருளிலோ, அதற்குள் நிரல் எழுத உதவும் லிஸ்ப் மொழியிலோ கோளாறு இல்லை. நீங்கள் 45 என்று சொன்னது டிகிரியை. போலார் (ஒரு புள்ளி, கோணம், தூரம் மூன்றையும் கொடுத்தால் அடுத்த புள்ளியைத் தரும் லிஸ்ப் ஃபங்ஷன்) அதை ரேடியன் என்று, அதாவது கோணத்தின் இன்னொரு அலகில், எடுத்துக்கொண்டது. 45 ரேடியன் என்பது 2578.31 டிகிரி. அதில் ஏழு முழுச் சுற்று, அதாவது 2520 கழிந்தால் மிச்சம் 58.31. உங்கள் கோடு நிற்பது அங்கேதான்.

45-ஐ வைத்து சோதித்தது உங்கள் கெட்ட நேரம். 58 பார்வைக்கு ‘கிட்டத்தட்ட சரி’ மாதிரியே இருக்கும். 30 கொடுத்திருந்தால் கோடு 278.87-க்குப் போய் ஏறக்குறைய நேர் கீழே தொங்கியிருக்கும், அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

மாற்றும் கணக்கு ஒரே வரி. (ஆணைகளைப் படிக்கத் தோதாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

(* கோணம் (/ பை 180.0))

பை லிஸ்பிலேயே இருக்கிறது, 3.14 என்று நீங்கள் அடிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயரில் வேறு எதையும் செட்க்யூ (மதிப்பு ஏற்றும் ஆணை) செய்துவிடாதீர்கள்.

இந்த வரியை நான் முதன்முதலில் எழுதியபோது வரிசையை மாற்றி, கோணத்தை 180-ஆல் வகுத்துவிட்டுப் பிறகு பையால் பெருக்கினேன். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். லிஸ்பில் இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அது தசமத்தைக் கடாசிவிடும். 45-ஐ 180-ஆல் வகுத்தால் 0. 200-ஐ வகுத்தால் 1. ஆக 180-க்குக் கீழே உள்ள கோணமெல்லாம் கிழக்கே போகும், மேலே உள்ளதெல்லாம் மேற்கே போகும். ஒரு முழு நிலத்தின் வரைபடம் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒரே கிடைக்கோட்டில் கிடந்தது. 180-க்குப் பின்னால் அந்தப் புள்ளி சைபரைப் போடுங்கள். பையை முதலில் வகுத்தாலும் தப்பிக்கலாம், பை தசம எண் என்பதால். எனக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பழக்கம்.

இது வரை எளிது. சர்வே ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன், என்னை நிஜமாகவே கவிழ்த்தது ரேடியன் அல்ல, வடக்கு.

போலார் கோணத்தைக் கிழக்கிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணும். களத்தில் எடுக்கும் பேரிங், அதாவது கோட்டின் திசைக்கோணம், வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணப்படுவது. எனவே 90-இலிருந்து பேரிங்கைக் கழித்துவிட்டுத்தான் ரேடியனாக்க வேண்டும். பேரிங் 120 என்றால் மைனஸ் 30. மைனஸை போலார் தாராளமாக ஏற்கும்.

இதை மறந்துபோய் ஒரு தோப்பின் எல்லையை வரைந்தேன். டிராவர்ஸ், அதாவது எல்லையைச் சுற்றி வரும் கோட்டுத் தொடர், தொடங்கிய புள்ளியிலேயே வந்து மூடியது. பரப்பும் சரியாக வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். களத்தில் கருவி பிடித்த தம்பி தாளைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ரோட்டுல நின்னு தோப்பைப் பார்த்தா கிணறு இடது கைப் பக்கம்ல இருக்கணும்? இதுல வலது பக்கம் இருக்கே” என்றான். நான் தாளைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் கிணறு வலது பக்கமே நின்றது.

கிழக்குத் தூரமும் வடக்குத் தூரமும் இடம் மாறி, மொத்த நிலமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டிருந்தது. கண்ணாடிப் பிம்பத்துக்கும் மூடுதல் பிழை அதேதான், பரப்பும் அதேதான். நாம் நம்பியிருக்கும் இரண்டு சோதனையும் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. தரையைப் பார்த்த கண் ஒன்று வேண்டும்.

யூனிட்ஸ் அமைப்பில் சுழியத்தை வடக்கு என்றும் திசையைக் கடிகாரத் திசை என்றும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், கையால் @100<120 என்று (நீளம் 100, கோணம் 120) அடிக்கும்போது அழகாக வேலை செய்யும். ஆனால் போலார் அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாது. கையால் அடித்தால் சரி, நிரல் போட்டால் தப்பு என்று மண்டையைக் குழப்பும். இயல்பு அமைப்பிலேயே விட்டுவிட்டு 90-ஐக் கழிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது பாகையும் கலையும், அதாவது டிகிரியும் மினிட்டும். 30 டிகிரி 45 மினிட் என்பதை 30.45 என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. தசமத்தில் அது 30.75. வித்தியாசம் 18 மினிட். 100 மீட்டர் கோட்டில் முனை 52 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். காம்பவுண்டு சுவர் விஷயத்தில் இது அடிதடிக்குப் போதுமான தூரம்.

சரி, பிரித்து எடுக்கலாம் என்று ஃபிக்ஸ் (தசமத்தை வெட்டிவிடும் ஃபங்ஷன்) வைத்து எழுதினால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 124 டிகிரி 30 மினிட்டை 124.30 என்று கொடுத்து, 124-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கினால் 30 வர வேண்டும். கணினிக்குள் வருவது 29.9999 சொச்சம். ஃபிக்ஸ் அதை 29 ஆக்கிவிடும், மிச்சமுள்ள 0.9999-ஐ மறுபடி 100-ஆல் பெருக்கினால் 100 செகண்ட் ஆகிவிடும். கடைசியில் கிடைப்பது 30 மினிட் 40 செகண்ட். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். யாரும் கவனிக்காத அளவு, அதனாலேயே ஆபத்தான அளவு. இந்தப் பிரிப்பு வேலையே வேண்டாம் என்று ஆங்டாஃப் (எழுத்தில் உள்ள கோணத்தை எண்ணாக்கும் ஃபங்ஷன்) பக்கம் போய்விட்டேன்: 124d30'15" வடிவிலான சரத்தை (நடுவில் அந்த டீ எழுத்து, உள்ளே வரும் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு) அலகு எண் 1-உடன் (டிகிரி, மினிட், செகண்ட் என்று பொருள்) கொடுத்தால் நேராக ரேடியனாகவே தந்துவிடும்.

இன்னொன்று, ரேடியன் ஃபங்ஷன்களுக்குத்தான். கமாண்ட் (நிரலிலிருந்து ஆட்டோகேட் ஆணைகளை ஓட்டுவது) வழியாக எதை அனுப்பினாலும் அது நீங்கள் விசைப்பலகையில் அடித்ததற்குச் சமம், அங்கே வழக்கமான அமைப்பில் டிகிரிதான். ரொட்டேட்டுக்கு 0.785 அனுப்பினால் எழுத்து 45 டிகிரி திரும்பாது, ஒரு டிகிரிகூட அசையாது. என்ட்கெட் (படத்திலுள்ள பொருளின் விவரத்தைத் தரும் ஃபங்ஷன்) மூலம் எழுத்தின் சாய்வைப் படித்தால் ரேடியன். அதே படத்தை டீஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்துத் திறந்து பார்த்தால் டிகிரி. இதற்கெல்லாம் நியாயம் தேடாதீர்கள்.

கோடு வரையும் பகுதிக்கு வருகிறேன். கமாண்ட் மூலம் லைன் வரைந்தால் ஆஸ்னாப் (முனைகளைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி) உங்கள் புள்ளியைப் பக்கத்து முனைக்கு இழுத்துவிடலாம், அதிலும் படத்தைச் சுருக்கி வைத்துப் பார்க்கும்போது. கணக்கு சரியாக இருந்தும் கோடு தப்பாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஆஸ்னாப்பைக் கட்டுப்படுத்தும் ஆஸ்மோடை நிரலின் தொடக்கத்தில் சுழியமாக்கி முடிவில் பழையபடி வைக்கலாம். நடுவில் எஸ்கேப் அடித்தால் பழையபடி திரும்பாது, பக்கத்து சீட்டுக்காரர் திட்டுவார். என்ட்மேக் வைத்து நேரடியாகக் கோட்டை உருவாக்குவது சுத்தம்: வகை லைன், குறியீடு 10-இல் தொடக்கப் புள்ளி, 11-இல் முடிவுப் புள்ளி, அவ்வளவுதான். ஆஸ்னாப் அதன் பக்கமே வராது.

நீங்கள் எல்டி பதிப்பு (ஆட்டோகேட்டின் வசதி குறைந்த வடிவம்) வைத்திருந்தால் 2024-க்கு முந்தியதில் லிஸ்ப் ஓடாது. அங்கே ஆணைகளை வரிசையாக எழுதி வைக்கும் எஸ்சிஆர் ஸ்கிரிப்ட் கோப்புதான் வழி. அதில் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு என்டர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

முழு டேட்டாவை ஓட்டுவதற்கு முன்னால் 0,0-இலிருந்து பேரிங் 120, நீளம் 100 என்று ஒரே ஒரு கோடு போட்டு முனை எங்கே நிற்கிறது என்று, புள்ளியின் ஆயத்தொலைவைக் காட்டும் ஐடி ஆணையால் பாருங்கள். 86.60, -50.00 வந்தால் ஓட்டலாம். -50.00, 86.60 வந்தால் வடக்கை விட்டுவிட்டீர்கள். 100, 0 வந்தால் 180-க்குப் பின்னால் அந்தப் புள்ளி சைபரை விட்டுவிட்டீர்கள். இதில் எதுவும் இல்லாமல் வேறு ஏதோ வந்தால் ரேடியனாக்கும் வரியே ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.