60 பேருக்கு டீ, தட்டுவடை செட், ஒரு பேச்சாளர்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிறு மாலை டீயும் வீட்டுப் பலகாரமும் வைத்து, மாடித்தோட்டம் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருக்கிறோம். 60 பேர் வரலாம். ஆளுக்கொரு பலகாரம் செய்துவருவதாகச் சொல்கிறார்கள். எதை எவ்வளவு செய்வது? பேச்சை எப்போது வைப்பது?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஆளுக்கொன்று என்று விட்டால் ஐந்து வீட்டிலிருந்து கேசரிதான் வரும். தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்தது), சுண்டல், கேசரி என மூன்றை மட்டும் முடிவுசெய்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஜவ்வரிசி நம்மூர்ச் சரக்குதான், ஆனாலும் ஜவ்வரிசி வடை கூட்டத்துக்கு வேண்டாம். ஈரம் மிஞ்சினால் எண்ணெயில் வெடிக்கும், ஆறினால் ரப்பர்.

ஆளுக்கு 3 செட் என்றால் 360 தட்டுவடை. உடைசலையும் சேர்த்து 400 வேண்டும். முந்தின நாளே சுடலாம். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி நமத்துவிடும். கேரட் ஒன்றரை கிலோ, பீட்ரூட் 1 கிலோ, வெங்காயம் 1 கிலோ. பீட்ரூட்டைத் துருவியதும் லேசாகப் பிழியுங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் தண்ணீர் விடும். பூண்டு மிளகாய்ச் சட்னி, புதினா மல்லிச் சட்னி இரண்டும் கெட்டியாக இருக்கட்டும். வெயிலில் புளித்துவிடும் என்பதால் தேங்காய் வேண்டாம். செட்டை முன்கூட்டி அடுக்கவே கூடாது. இரண்டு பேர் மேசையருகே நின்று கேட்கக் கேட்க அடுக்கித் தரட்டும்.

சுண்டலுக்கு 2 கிலோ கொண்டைக்கடலை, கேசரிக்கு 1 கிலோ ரவை போதும்.

இரண்டாவது டம்ளர் கேட்பவர்களையும் சேர்த்து 80 டீ: பால் 5 லிட்டர், தண்ணீர் 5 லிட்டர், தூள் 200 கிராம், சர்க்கரை 650 கிராம். இஞ்சியைத் தண்ணீரிலேயே தூளோடு கொதிக்கவிட்டு வடிகட்டி, பிறகு காய்ச்சிய பாலைச் சேருங்கள். பச்சை இஞ்சி பாலில் விழுந்தால் திரிந்துபோகும். சர்க்கரை இல்லாத டீயைத் தனிக் குடுவையில் முதலிலேயே எடுத்துவையுங்கள்.

4 மணிக்கு டீ மட்டும். 4.20க்குப் பேச்சு 25 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம். பலகாரம் 5 மணிக்குத்தான். 60 பேர் தட்டுவடையைக் கடிக்கும்போது எந்த மைக்கும் எடுபடாது! பேச்சாளரிடம் ‘மாடித்தோட்டம்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘கோடையில் தொட்டிச் செடிகளைக் காப்பது’ என்று குறுக்கிச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவையும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: சேலத்தில் வேகும் அதே நேரத்தில் இங்கே கொண்டைக்கடலை வேகவில்லையே, ஏன்?
— வாசகர், ஏற்காடு

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தை விட்டு குக்கருக்கு மாறுங்கள், இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள், கடலையை 12 மணி நேரம் ஊறவையுங்கள். டீத்தூளையும் இரண்டு நிமிடம் அதிகம் கொதிக்கவிட்டால்தான் சாறு இறங்கும்.