பிள்ளையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டால்? வாசகர் கேள்விகள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஐந்து வயது மகளை ஊருக்குக் கூட்டிப்போய் அங்கேயே வைத்துக்கொள்வேன் என்கிறார் கணவர். பீரோவில் அவளுடைய பாஸ்போர்ட் உறை மட்டும்தான் கிடக்கிறது.

பதில்: அப்படியென்றால் இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். நம்மூர் போல அமெரிக்காவில் கிளம்பும்போது குடியேற்ற அதிகாரி முத்திரை குத்துவதில்லை, அதனால் ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். மகளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது, பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டையையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்திலும் அவள் பெயரைப் பதியுங்கள். யாராவது அவளுக்குப் புது அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தால் உங்களுக்குத் தகவல் வரும். ஆனால் ஏற்கனவே கையில் இருக்கிற பாஸ்போர்ட்டை அது தடுக்காது, பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: கொண்டுபோன பிறகு, பெற்றோர் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட ஹேக் ஒப்பந்தப்படி திருப்பி வாங்க முடியாதா?

பதில்: இந்தியாவிலிருந்து முடியாது. 1980ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், ஆனால் பிள்ளையின் நலன்தான் முதலில், வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. வழக்கு இழுக்க இழுக்க பிள்ளை இங்கே பள்ளிக்கூடம், தாத்தா பாட்டி என்று பழகிவிடும், அதுவே உங்களுக்கு எதிரான வாதமாகிவிடும். அதனால்தான் கிளம்புவதற்கு முன்னாலேயே தடுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன். இலங்கை 2001இல் சேர்ந்துவிட்டது. அங்கே போயிருந்தால் ஒரு வருடம் முடிவதற்குள் மனு செய்துவிடுங்கள்.

கேள்வி: லண்டன். பிள்ளையோடு ஊருக்குப் போக மனைவி நாளை இரவு டிக்கெட் போட்டிருக்கிறாள் என்று தெரியவந்தது. உத்தரவு எதுவும் கையில் இல்லை.

பதில்: உடனே போலீஸுக்குப் போங்கள். ஆபத்து உண்மையானது, ஓரிரு நாளுக்குள் நடக்கப்போகிறது என்று காட்டினால் துறைமுகம், விமான நிலையம் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்புவார்கள், 28 நாள் இருக்கும். டிக்கெட்டின் படம், விமான எண், பிள்ளையின் அண்மைய போட்டோ, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்துப்போங்கள். அந்த 28 நாளுக்குள் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நானும் லண்டன்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மகனோடு மதுரைக்குப் போகவேண்டும். கணவரோடு பேச்சுவார்த்தையே இல்லை.

பதில்: உங்கள் அவசரம் புரிகிறது. ஆனாலும் அவருடைய சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் கிளம்பினால் பிரிட்டனின் 1984 குழந்தைக் கடத்தல் சட்டப்படி அது குற்றமாகலாம். போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி போட்டு அவரிடம் கையெழுத்துக் கேளுங்கள், நேரில் பேச முடியாவிட்டால் வழக்கறிஞர் மூலமாகவாவது. மறுத்தால் அம்மாவின் மருத்துவமனைச் சீட்டோடு நீதிமன்றத்தில் அவசர மனு போடுங்கள்.