நாளுக்கு ஒரு சிறு பத்தி: ஆங்கில வாசிப்பு குறித்து ஒரு பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

உங்கள் மகள் ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கிறாள், ஆனால் வாசித்து முடித்ததும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் இப்படி ஒரு குறை கண்ணில் பட்டதால் கலங்கிப் போயிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் வாசிக்கச் சொல்லலாமா, தடித்த இலக்கண நூல் ஒன்றை வாங்கித் தரலாமா, பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. அன்றாட விஷயங்களைப் பற்றிய சிறிய ஆங்கிலப் பத்தி ஒன்றை நாள்தோறும் முறையாக வாசித்தால் போதும். கேட்பதற்கு மிகச் சிறிய மருந்தாகத் தோன்றலாம் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உரக்க வாசிப்பதும் பொருள் புரிந்துகொள்வதும் ஒரே திறன் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். எழுத்துகளைப் பார்த்துச் சொல்லாக அறியும் திறனையும், அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது அவர்கள் கருத்து. இங்கே நடப்பது கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூச்சியத்தை நெருங்கினால், மற்றது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் விடை பூச்சியத்தையே நெருங்கும். உங்கள் மகளுக்கு முதல் திறன் நன்றாகவே இருக்கிறது. அவளுடைய சரளமான வாசிப்பைக் கேட்டு இத்தனை ஆண்டுகளாக ஆசிரியர்கள் மனநிறைவு அடைந்திருக்கக்கூடும். இரண்டாவது திறனை யாரும் தனியே சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதையும் தொடங்குமுன் வீட்டிலேயே ஒன்றைச் செய்துபாருங்கள். அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு தமிழ்க் கட்டுரையை, ஒரு பக்க அளவில், மௌனமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அதை மூடி வைத்துச் சாரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தெளிவாகச் சொல்லிவிட்டால் சிக்கல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். தமிழிலும் தடுமாறினால், வாசிக்கும்போது பொருளைத் தொடரும் பழக்கமே இன்னும் படியவில்லை என்று பொருள். அப்போது கீழே சொல்லும் பயிற்சியை முதல் சில வாரங்களுக்குத் தமிழ்ப் பத்திகளைக் கொண்டே நடத்த வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே ஆங்கில வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர்கள்தாம் அதிகம்.

பத்திகள் அன்றாட விஷயங்களைப் பற்றியவையாக இருக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று வாசிப்பைப் பற்றிய பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் மனத்தின் பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. மீதிக் கவனம் முழுவதும் மொழியின் மேல் விழுகிறது. நாளிதழ்த் தலையங்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வட்டி விகிதத்தைப் பற்றியோ வெளியுறவுக் கொள்கையைப் பற்றியோ தமிழில் வாசித்தாலே புரியாத ஒரு பிள்ளை, அதை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தனக்கு ஆங்கிலம் வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. அவளுக்கு வராதது பொருளாதாரமாக இருக்கலாம். பழி ஆங்கிலத்தின் மேல் விழுகிறது.

ஆகவே சலவை இயந்திரத்தின் கையேட்டில் ஒரு பகுதி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் மருந்தைச் சேமிக்கும் முறை, நூலகத்தின் இரவல் விதிகள், வானிலை அறிக்கை, ரயில் நேர மாற்ற அறிவிப்பு, செல்பேசிச் செயலி ஒன்றின் உதவிப் பக்கம் ஆகியவை நல்ல பத்திகள். இவற்றோடு சலிப்பு வராமல் இருக்க உறக்கம், நடைப்பயிற்சி, மழைக்காலத்தில் துணி உலர்த்துவது போன்றவற்றைப் பற்றிய சிறு கட்டுரைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கற்பவர்களுக்காகவே சொற்களை அளந்து எழுதும் மரபு ஆங்கிலத்தில் நெடுங்காலமாக உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் நிகழ்ச்சி ஏறத்தாழ 1500 சொற்களைக் கொண்டே செய்திகளைச் சொன்னது. எளிய ஆங்கில விக்கிப்பீடியாவும், படிநிலை வாரியாக வெளிவரும் வாசிப்பு நூல்களும் அதே நோக்கம் கொண்டவை. இவற்றைச் சிறுபிள்ளைத்தனம் என்று உங்கள் மகள் ஒதுக்கக்கூடும். அந்த வயதில் அது இயல்பு. கையேடும் அறிவிப்பும் பெரியவர்களுக்கானவை என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குவது நல்லது.

பத்தியின் கடினத்தை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் ஆகியோரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. 80 விழுக்காடு மட்டும் தெரிந்திருந்த நிலையில் ஒருவருக்கும் போதுமான அளவு புரியவில்லை. எனவே 100 சொற்கள் கொண்ட பத்தியில் தெரியாத சொற்கள் இரண்டு இருந்தால் அவள் தானே வாசிக்கலாம். ஐந்தாறு இருந்தால் உதவியோடு பாடமாக நடத்தலாம். பத்தைத் தாண்டினால் எடுத்து வைத்துவிடுங்கள். அது அவளுக்கு அகராதி புரட்டும் வேலையாகிவிடும், வாசிப்பாக இராது.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒட்டப்பட்ட ஆங்கில அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பழுதுபார்ப்புக்காக லிஃப்ட் நிறுத்தப்படும். நடக்கச் சிரமப்படுபவர்கள் நீங்கலாக மற்ற எல்லோரும் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டும். அப்படிச் சிரமப்படுபவர்கள் முதல் நாளே அலுவலகத்துக்குத் தெரிவித்தால் உதவிக்கு ஆள் அனுப்பப்படும். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 50 சொற்களில் இது முடிந்துவிடும். உங்கள் மகளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இராது. ஆயினும் யார் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் என்றும், எப்போது என்று கேட்டால் வியாழக்கிழமை என்றும் பதில் வர வாய்ப்பு அதிகம்.

இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழில் நிபந்தனையும் விலக்கும் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும். ஆங்கிலத்திலோ எல்லோரும் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டும் என்ற முதன்மைச் செய்தி முன்னால் வர, அதைக் கட்டுப்படுத்தும் பகுதி ‘அன்லெஸ்’ (இல்லாவிட்டால்) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் தொங்கக்கூடும். தமிழ் மனம் வினையைக் கண்டதும் வாக்கியம் முடிந்ததாக எண்ணிக் கதவைச் சாத்திவிடுகிறது. பின்னால் வந்த விலக்கு வெளியே நின்றுவிடுகிறது. அடுத்த வாக்கியத்தில் ‘தே’ என்று வரும்போது அது யாரைக் குறிக்கிறது என்பதும் அதனால்தான் குழம்புகிறது. ‘ஆல்தோ’, ‘அன்டில்’, ‘ரேதர் தன்’, ‘நாட் மோர் தன்’ போன்றவற்றிலும் இதே இடர்ப்பாடு உண்டு. கடினச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இச்சிறு சொற்களைத் தெரிந்தவை என்று கருதித் தாண்டிப் போய்விடுகிறார்கள். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே முதல் வாசிப்பு மௌனமாகவும் அகராதி இல்லாமலும் நடக்கட்டும். பின்பு தாளை மூடிவிட்டு, வாசித்ததைத் தன் சொற்களில் சொல்லட்டும். தமிழிலேயே சொல்லட்டும், ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் புரிதலையும் பேச்சையும் ஒருசேரச் சோதிப்பதாகிவிடும், எதில் குறை என்று உங்களுக்கும் தெரியாது. மூடி வைத்து நினைவுகூர்வது வீண் வேலை அல்ல. ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006-இல் உரைநடைப் பகுதிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நின்றது. அதன் பிறகு பென்சிலோடு இரண்டாம் வாசிப்பு. இணைப்புச் சொற்களைச் சுற்றி வட்டமிடட்டும். ‘இட்’, ‘திஸ்’, ‘தே’, ‘விச்’ ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறதோ அதை நோக்கி ஓர் அம்புக்குறி போடட்டும். அம்பு எங்கே போகிறது என்று தெரியாமல் பென்சில் நிற்கும் இடம்தான் புரியாத இடம். இதற்குள் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கும். மறுநாள் அதே பத்தியை ஒருமுறை உரக்க வாசித்துவிட்டுப் புதிய பத்திக்குப் போகலாம்.

ஒரே பத்தியைத் திரும்ப வாசிப்பது நேர விரயம் என்று அவள் முணுமுணுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-இல் விவரித்த முறையில், 50 முதல் 200 சொற்கள் வரையுள்ள பத்தியைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். அதனால் அடுத்து வந்த புதிய பத்திகளையும் மாணவர்கள் முன்னைவிடக் குறைந்த தடவைகளிலேயே தேர்ச்சியோடு வாசித்தார்கள். வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் தேர்ந்த பெரியவர்கள் கட்டுரை நடையிலுள்ள பகுதிகளை மௌனமாக வாசிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரிஸ்பேர்ட் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் கணக்கிட்டார். இரண்டாம் மொழியாகக் கற்பவள் அதில் பாதியை எட்டினாலே தொடக்கத்துக்குப் போதும். நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் என்று விளம்பரம் செய்யும் அதிவேக வாசிப்புப் பயிற்சிகளிலிருந்து அவளை விலக்கி வையுங்கள். வேகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் புரிதல் குறையும் என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன.

வாரம் ஒருமுறை நீங்களே ஒரு சிறு தேர்வு வைக்கலாம். உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று எழுதியிருந்தீர்கள், அது இதற்குத் தடையல்ல. அந்த வாரத்தின் பத்தி ஒன்றில் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் மறைத்து, விட்டுப்போன சொற்களை நிரப்பச் சொல்லுங்கள். வில்சன் டெய்லர் 1953-இல் வகுத்த குளோஸ் முறையின் எளிய வடிவம் இது. சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தவர் இதில் தடுக்கி விழுவார்; வாக்கியத்தின் போக்கு தெரிந்தவரே நிரப்புவார். தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண் போட வேண்டியதில்லை. ஏன் அந்தச் சொல்லைப் போட்டாய் என்று கேட்டு, அவள் சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொண்டாலே போதும்.

வேலைவாய்ப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதே உங்கள் உள்ளத்தில் உள்ள கேள்வி என்று அறிவேன். பணியிடத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் அன்றாடம் வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி சிறு பத்திகளே: மேலாளரின் மின்னஞ்சல், பாதுகாப்பு அறிவுறுத்தல், வாடிக்கையாளரின் புகார், விடுப்பு விதி, இயந்திரத்தைக் கையாளும் குறிப்பு. ஐஇஎல்டிஎஸ் என்ற பன்னாட்டு ஆங்கிலத் திறன் தேர்வின் ஜெனரல் டிரெயினிங் பிரிவில் வாசிப்புத் தாளைப் பாருங்கள். 60 நிமிடங்களில் 40 கேள்விகள். முதல் பகுதியில் அறிவிப்புகள், விளம்பரங்கள் போன்ற அன்றாடப் பகுதிகள், இரண்டாம் பகுதியில் பணியிடம் சார்ந்தவை, அதன் பிறகே நீண்ட கட்டுரை. சரி, தவறு என்பவற்றோடு ‘கொடுக்கப்படவில்லை’ என்ற மூன்றாவது விடையும் அந்தத் தேர்வில் உண்டு. தனக்குத் தெரிந்ததைக் கொண்டு விடை சொல்பவர்கள் சிக்குவது அதில்தான். அன்றாட விஷயங்களை வாசிப்பதில் உள்ள ஓர் ஆபத்தும் இதுவே. விஷயம் தெரிந்ததென்பதால் பத்தியை வாசிக்காமலே ஊகித்துவிடும் பழக்கம் வரக்கூடும். அவள் ஒரு பதில் சொல்லும்போதெல்லாம், எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வதே அதற்கு மாற்று.

100 சொற்கள் கொண்ட பத்தியை ஒரே வாசிப்பில் சாரம் சொல்லுமளவுக்கு வந்ததும், பத்தியின் நீளத்தை முதலில் கூட்டுங்கள், கடினத்தைப் பிறகு கூட்டுங்கள். இரண்டையும் ஒருசேரக் கூட்டினால் எது தடுக்கிறது என்று பிரித்தறிய முடியாது. 300, 400 சொற்கள் பழகிய பிறகு, அவள் சேரவிருக்கும் படிப்பு சார்ந்த எளிய கட்டுரைகளுக்குப் போகலாம். உயர்கல்விப் பாடநூல்களில் துறை வேறுபாடின்றி அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகளை, அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்திருக்கிறார். கல்லூரி திறப்பதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பட்டியலைக் கையில் எடுக்கலாம், ஆனால் சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல், அவை வரும் பத்திகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். தலையங்கத்தின் முறை அதற்குப் பிறகு வரட்டும், அதுவும் தமிழ் நாளிதழில் அதே செய்தியை முதலில் வாசித்துவிட்டு. முதல் மாதத்தில் மதிப்பெண்ணில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். பென்சில் அம்புகள் தயங்காமல் போகின்றனவா என்பதை மட்டும் அப்போது கவனியுங்கள். இரண்டு மாதம் கழித்து, குறியிட்ட பத்தித் தாள்களில் பத்துப் பதினைந்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஒருமுறை நேரில் வாருங்கள். எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்பதை அவற்றைப் பார்த்த பிறகு பேசுவோம்.