மழை நாள்ல வீட்டுத் தோட்டத்துல குளோசப் போட்டோ எடுக்க மேக்ரோ லென்ஸ் (சின்னதை ரொம்ப கிட்டப் போய்ப் பெருசா எடுக்குற லென்ஸ்) கண்டிப்பா வாங்கணுமா?

கண்டிப்பால்லாம் இல்லங்க. எங்களுக்குத் தென்காசி பக்கம், ஜூன் ஜூலைல சாரல் விழ ஆரம்பிச்சிட்டா வீட்டுக்குப் பின்னாடியே படம் அவ்ளோ கிடைக்கும், அங்க லென்ஸை விட பெரிய தலைவலி காத்துதான். கணவாய் வழியா வந்து அடிக்கிற காத்துல செடி ஒரு நிமிஷம் நிக்காது, ரொம்ப கிட்டப் போய் எடுக்கறப்ப லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வச்சாக்கூட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஷார்ப்பா வரும், இலை லேசா ஆடுனாலே போச்சு. அதுக்கு ஒரு குச்சிய மண்ணுல குத்தி, துணி காயப்போடுற கிளிப்பை அதுல கட்டி காம்பைப் பிடிச்சுக்கோங்க, காத்து வர்ற பக்கம் குடைய விரிச்சு வைங்க. மேகமூட்டத்துல வெளிச்சம் சாஃப்டா இருக்கும் ஆனா கம்மி, ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்கை, 1600க்கு ஏத்துங்க, கிரெயின் (படத்துல புள்ளி புள்ளியா தெரியறது) வந்தா வரட்டும், ஆடிப்போன படத்துக்கு அது தேவலை.

லென்ஸுக்கு, பழைய 50 எம்எம் இருந்தா ரிவர்ஸ் ரிங் (லென்ஸை முன்பின்னா மாட்ட உதவுற வளையம்) போட்டு திருப்பி மாட்டுங்க, கிட்டத்தட்ட மேக்ரோ அளவுக்கு வந்துடும். போன்னா கேமரா மேல மாட்டுற கிளிப் லென்ஸ் போதும்.

எதை எடுக்கன்னா, முதல்ல சேம்பு இலை. அதுல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மெழுகு மேடு இருக்கறதால தண்ணி ஒட்டாம முத்தா உருண்டு நிக்கும். விடிகாலைல அதோட நுனியில தொங்குற சொட்டு பல நேரம் மழைத்தண்ணியே கிடையாது, ராத்திரி வேர் உறிஞ்சுன தண்ணிய இலையே வெளிய தள்ளுறது. அந்தச் சொட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் தள்ளி ஒரு செம்பருத்திய வச்சுப் பாருங்க, பூ தலைகீழா சொட்டுக்குள்ள தெரியும். ஃபோகஸை சொட்டோட ஓரத்துல வைக்காம உள்ள தெரியுற பூவுல வைங்க, ரெண்டும் ஒரே தூரத்துல இருக்காது. சிலபேர் கிளிசரின் கலந்து ஸ்ப்ரே அடிச்சு சொட்டு செய்றாங்க, எனக்கு அது பிடிக்காது, மழையே பெய்யுற ஊர்ல எதுக்கு அது?

அப்புறம் தம்பலப்பூச்சி, சின்னப்புள்ளைல தீப்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருப்போமே, அதேதான். நல்ல மழை பெஞ்சு மண்ணு நனைஞ்சதும் வெளிய வரும், எட்டுக் காலு, சிலந்தி வகையறா. அந்தச் சிவப்பு, கேமராவ ஆட்டோ மோடுல விட்டா வெறும் சிவப்புத் திட்டா போயிடும், வெல்வெட் மயிரு ஒண்ணுகூட தெரியாது, எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, கொஞ்சம் மைனஸ்ல இறக்கிட்டு தரையில படுத்து அது கண்மட்டத்துல எடுங்க. தட்டான் பட்டாம்பூச்சிக்கு மழை விட்ட உடனே போங்க, உடம்பு குளிர்ந்து கெடக்கும், வெயில் பட்டு சூடாகுற வரைக்கும் சட்டுனு பறக்காது, கேமராவ பக்கத்துலயே கொண்டு போலாம்.

முடிச்சதும் ஈரத்தோட பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்துடாதீங்க, லென்ஸ்ல ஃபங்கஸ் வந்தா எடுக்குறது பெரிய செலவு. நல்லா தொடச்சு, காத்துப் புகாத டப்பால ஈரத்தை உறிஞ்சுற சிலிகா ஜெல் போட்டு வைங்க.