அறிவியல் பயிற்சி: விடை சரியா என்று நீங்களே கண்டறிவது எப்படி? – கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே பாடமாக, எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25 மதிப்பெண் என்று அமைந்திருப்பதால், மூன்றையும் ஒரே விதமாகப் படித்துவிடலாம் என்று மாணவர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தால் வரும் இடர்களே இங்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை. இயன்றவரை கணக்கு, படம் ஆகியவற்றோடு பதில் எழுதியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி: வணக்கம் ஐயா. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. நான் என்ன தவறு செய்கிறேன்?

நான்கு முறையும் புத்தகம் திறந்தே இருந்தது என்பதுதான் தவறு. திறந்த பக்கத்தில் பார்த்த வரியை மறுபடி பார்க்கும்போது "இது எனக்குத் தெரியும்" என்று மனம் சொல்லும். ஆனால் அது அடையாளம் கண்டுகொள்வதே தவிர, நினைவிலிருந்து எடுத்து எழுதும் திறன் ஆகாது. ஒரு பகுதியை ஒரே முறை கவனமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில், நினைவில் உள்ளதை எல்லாம், அரைகுறையாக இருந்தாலும் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள் அந்தச் சிவப்பு மை வரிகளை மட்டும் மீண்டும் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த எர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிடப் பயன் தருகிறது என்பதும் அவர் கண்டவை. உங்களுக்கு நினைவாற்றல் குறைவு என்று யாரும் சொல்ல இடம்கொடுக்காதீர்கள். பயிலும் முறையை மாற்றினால் போதும்.

பத்தாம் வகுப்பு மாணவர், தருமபுரி: மோல் கணக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. எப்போது வகுப்பது, எப்போது பெருக்குவது என்று தெரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதுகிறேன்.

வெற்றிலைக் கடையில் ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. கொழுந்து வெற்றிலைக் கவுளியும் முற்றிய பெரிய வெற்றிலைக் கவுளியும் எண்ணிக்கையில் ஒன்றுதான். தராசில் வைத்தால் எடை வேறு. மோல் என்பதும் அப்படி ஓர் எண்ணிக்கைச் சொல்தான். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஒரு மோல் நீர் மூலக்கூறுகளும் எண்ணிக்கையில் சமம். முன்னது 2 கிராம், பின்னது 18 கிராம். இந்த இடம் மனத்தில் படிந்துவிட்டால், வகுப்பதா பெருக்குவதா என்ற குழப்பம் எழாது. மொத்த எடை தெரிந்து எத்தனை கவுளி என்று கேட்டால் ஒரு கவுளியின் எடையால் வகுப்போம். கவுளியின் எண்ணிக்கை தெரிந்து எத்தனை வெற்றிலை என்று கேட்டால் நூறால் பெருக்குவோம்.

இப்போது 36 கிராம் நீரை எடுத்துக்கொள்வோம். 36-ஐ 18 ஆல் வகுத்தால் 2 மோல். கவுளிக்கு நூறு என்பதுபோல ஒரு மோலுக்கு 6.023 × 10²³; இதுவே அவகாட்ரோ எண். ஆகவே மூலக்கூறுகளின் எண்ணிக்கை 2 × 6.023 × 10²³, அதாவது 12.046 × 10²³. இத்துடன் நிறுத்திவிடாமல் "இதில் ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை மோல்?" என்று நீங்களே அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதால் 4 மோல்; ஆக்சிஜன் அணுக்கள் 2 மோல். ஹைட்ரஜனின் நிறை 4 × 1 = 4 கிராம், ஆக்சிஜனின் நிறை 2 × 16 = 32 கிராம். இரண்டையும் கூட்டினால் நாம் தொடங்கிய அதே 36 கிராம் திரும்ப வருகிறது. விடைப் பக்கத்தைப் புரட்டாமலேயே உங்கள் கணக்கு சரி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்படி வேறொரு வழியில் சென்று தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கத்தைத்தான் நான் பயிற்சி என்கிறேன். பத்துக் கணக்கை வேகமாகப் போட்டு விடை பார்ப்பதைவிட, இரண்டு கணக்கை இவ்வாறு போடுவது மேல்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 2019 மே 20 முதல் அவகாட்ரோ எண்ணின் மதிப்பு 6.02214076 × 10²³ என்று உலக அளவில் வரையறுக்கப்பட்டுவிட்டது. பாடநூல் 6.023 × 10²³ என்று கொடுத்திருந்தால், தேர்வில் அதையே பயன்படுத்துங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகப்பட்டினம்: வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது ஒரு தனிமத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுப்போகிறது. இதற்கு வரிசை ஏதும் உண்டா?

உண்டு. தனித்த தனிமமாக நிற்பதைக் கடைசியில் தொடுங்கள். ஏனென்றால் அதன் எண்ணை மாற்றினால் வேறு எந்தத் தனிமமும் கெடாது. சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் எரிவதைப் பார்ப்போம். புரொப்பேனில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். கார்பனைச் சரிசெய்ய 3 கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜனைச் சரிசெய்ய 4 நீர். இப்போது வலப்பக்கம் 6 + 4 = 10 ஆக்சிஜன் அணுக்கள் ஆகவே, இடப்பக்கம் 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள். நிறையைக் கூட்டிச் சரிபாருங்கள்: இடப்பக்கம் 44 + 160 = 204; வலப்பக்கம் 132 + 72 = 204.

வாய்பாட்டுக்குள் இருக்கும் கீழ் எண்ணை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். நீரில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 சேர்த்துவிட்டால் அது நீராக இராது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்.

பத்தாம் வகுப்பு மாணவர், கரூர்: லென்சு கணக்கில் கூட்டல் குறி, கழித்தல் குறியால் எப்போதும் மதிப்பெண் போய்விடுகிறது, ஐயா.

விடைத்தாள் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் பிழை இதுதான். ஆகவே ஒரு கணக்கை முழுமையாகச் செய்வோம். குவியத் தொலைவு 20 செ.மீ. கொண்ட குவிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கிறது. பிம்பம் எங்கே தோன்றும்?

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு கோடு வரைந்து, நடுவில் லென்சு, இடப்பக்கம் பொருள் என்று குறியுங்கள். ஒளி செல்லும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. லென்சிலிருந்து பொருளை நோக்கி அளப்பது ஒளிக்கு எதிர்த்திசை, ஆகவே பொருளின் தொலைவு −30. குவிலென்சின் குவியத் தொலைவு +20. லென்சுச் சமன்பாட்டின்படி, பிம்பத் தொலைவின் தலைகீழி 1/20 − 1/30 = 1/60. பிம்பம் லென்சுக்கு அப்பால் 60 செ.மீ. தொலைவில் தோன்றும்; உருப்பெருக்கம் 60 ÷ (−30) = −2, அதாவது இரு மடங்கு பெரிய, தலைகீழான பிம்பம்.

எதிர்க்குறியை மறந்தவருக்கு 1/20 + 1/30 = 1/12 என்று வரும்; 12 செ.மீ. என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். அங்கேதான் படம் காப்பாற்றும். பொருள் குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் இடையில், அதாவது 20-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் பிம்பம் மறுபக்கத்தில் 40 செ.மீ.-க்கு அப்பால்தான் தோன்ற வேண்டும். உண்மைப் பொருளின் மெய்ப்பிம்பம் குவியத் தொலைவைவிட அருகில், 12 செ.மீ.-இல், தோன்ற வழியே இல்லை. பென்சிலால் இரண்டு கதிர்கள் வரைய அரை நிமிடம்கூட ஆகாது.

பத்தாம் வகுப்பு மாணவி, திருவள்ளூர்: பக்க இணைப்பில் மின்தடை காணும்போதும் இப்படிச் சரிபார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. 6 ஓம், 3 ஓம் இரண்டையும் பக்க இணைப்பில் இணைத்தால், 1/6 + 1/3 = 1/2; இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதை மறந்து 0.5 ஓம் என்று எழுதுபவர்கள் பலர். தொகுபயன் மின்தடை இரண்டில் சிறியதைவிடக் குறைவாக இருக்கும் என்பது பாடநூல் சொல்வது. அதை வைத்து மட்டும் பார்த்தால் 0.5-உம் சரிபோலவே தோன்றும். இரண்டு தடைகள் மட்டும் இருக்கும்போது, விடை சிறியதன் பாதிக்கும் கீழே போகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இரண்டுமே சமமாக இருக்கும்போதுதான் சரிபாதி கிடைக்கும். இங்கு விடை 1.5-க்கும் 3-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். 2 ஓம் பொருந்துகிறது, 0.5 பொருந்தவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவர், மதுரை: கணக்குக்குச் சரி. உயிரியலில் சரிபார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் மனப்பாடம்தானே?

இல்லை, தம்பி. உயிரியலைப் பெயர்ப் பட்டியலாகப் பார்ப்பதால்தான் அது மனப்பாடமாகத் தோன்றுகிறது. இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களையே ஒரு துளி இரத்தமாகக் கற்பனை செய்துகொண்டு பயணத்தைத் தொடங்குங்கள். உடலெங்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளுக்கு வருகிறீர்கள். மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிள். ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வெண்ட்ரிக்கிள். பின் பெருந்தமனி வழியாக மீண்டும் உடலுக்கு.

வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் "ஏன்?" என்று கேளுங்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிப்பாக இருக்கிறது? வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடது வெண்ட்ரிக்கிள் தலை முதல் கால் வரை தள்ள வேண்டும். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமக்கும் குழாய்க்கு ஏன் தமனி என்று பெயர்? இதயத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்வது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. ஆக்சிஜனின் அளவை வைத்துப் பெயர் இடப்படவில்லை. இந்தப் பயணத்தை வாயால் சொல்லிக்கொண்டே வெற்றுத் தாளில் படம் வரைந்தால், அம்புக்குறி எங்கே பின்னோக்கிப் போகிறதோ, எந்தக் குழாய் எங்கும் போய்ச் சேராமல் நிற்கிறதோ, அங்கே உங்கள் பிழை இருக்கிறது. படத்தில் இதயத்தின் இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கத்தில் வரும் என்பதையும் மறவாதீர்கள். எதிரில் நிற்பவரின் இதயத்தைத்தான் நாம் வரைகிறோம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஈரோடு: மரபியலில் 3 : 1 என்றால் நான்கு செடிகளில் கட்டாயம் ஒன்று குட்டையாக இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வில், இரண்டாம் தலைமுறையில் 787 செடிகள் நெட்டையாகவும் 277 செடிகள் குட்டையாகவும் இருந்தன. வகுத்துப் பார்த்தால் 2.84 : 1. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளிலேயே விகிதம் சரியாக மூன்றாக வரவில்லை என்றால், நான்கு செடிகளில் அது அமைந்தே தீரும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு நாணயங்களைச் சேர்த்து நூறு முறை சுண்டி, இரண்டுமே பூ விழுவது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்; 25-க்கு அருகில் வரும், ஆனால் பெரும்பாலும் சரியாக 25 வராது. கட்டம் போட்டு எழுதும் பயிற்சியோடு இதையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

ஒரு மாணவரின் தாய், விருதுநகர்: நான் எட்டாவது வரைதான் படித்தேன். மகன் கைடு வைத்துக்கொண்டு கோடிட்ட விடைகளை மட்டும் படிக்கிறான். நான் எப்படி உதவ முடியும்?

அம்மா, நீங்கள் நிச்சயமாக உதவலாம். கைடைப் பறிக்க வேண்டாம். அதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தகம் இல்லாமல் எழுதிக்காட்டட்டும். எழுதியது விடையோடு பொருந்துகிறதா என்று நீங்கள் பாருங்கள். ஒரு விடை முடிந்ததும் "அது ஏன் அப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவரால் விளக்க முடியவில்லை என்றால், அவருக்கே அது இன்னும் புரியவில்லை என்று பொருள். பாடம் தெரியாத ஒருவருக்கு விளக்குவதைப்போல நல்ல பயிற்சி வேறில்லை. அந்த இடத்தில் ஆசிரியரான என்னைவிட நீங்களே பொருத்தமானவர்.

பத்தாம் வகுப்பு மாணவர், இராமநாதபுரம்: வீட்டிலேயே செய்முறைப் பயிற்சி செய்ய முடியுமா?

சிலவற்றைச் செய்யலாம். சாளரத்துக்கு எதிர்ச் சுவரருகே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, வெளியே தொலைவில் உள்ள மரத்தின் பிம்பம் சுவரில் தெளிவாக விழும் வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மரம் தலைகீழாக, சிறிதாக, நிறத்தோடு சுவரில் தோன்றும். அப்போது லென்சுக்கும் சுவருக்கும் உள்ள தூரமே ஏறத்தாழ குவியத் தொலைவு. மஞ்சள்தூள் கரைசலில் நனைத்த தாளில் சோப்பு நீர் பட்டால் சிவக்கும். செம்பருத்திச் சாறு எலுமிச்சைச் சாற்றில் செந்நிறமாகவும் சோப்பு நீரில் பசுமையாகவும் மாறும். லென்சு வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பானைச் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

துணைத் தேர்வு எழுதவிருக்கும் தனித்தேர்வர், கடலூர்: அறிவியலில் தோல்வியடைந்துவிட்டேன். பள்ளியும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. எங்கே தொடங்குவது?

தோல்விக்காகக் கூச வேண்டாம். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பின் பாடநூலை வைத்து நீங்களே திருத்தி, தவறிய இடங்களைப் பாடவாரியாக ஒரு நோட்டில் குறியுங்கள். எங்கே தொடங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும். பழைய வினாத்தாளை வரப்போகும் வினாவை ஊகிக்கப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் குறையைக் காண மட்டும் பயன்படுத்துங்கள்.

சொல்லித்தர ஆள் இல்லாமலும் சரிபார்க்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு தருகிறேன்; இன்றே போட்டுப் பாருங்கள். 50 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறும்? கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. விடை கிடைத்ததும், எஞ்சும் கால்சியம் ஆக்சைடு எவ்வளவு என்பதைக் கழித்துக் காணாமல், மோல் வழியில் தனியாகக் கணக்கிடுங்கள். முன்னது 22, பின்னது 28 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.